வி.பி.என் இணைந்துவிட்டது, ஆபீஸ் கம்ப்யூட்டர் மட்டும் வரவில்லை: எங்கே தேடுவது?

முதலில் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு கம்ப்யூட்டர் உள்ள சிறிய ஆபீஸ். வெளியில் இருந்து இணையம் வழியாக ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் பாதுகாப்பாக நுழைய உதவுவது வி.பி.என். ரவுட்டரிலேயே ஓப்பன் வி.பி.என் என்ற மென்பொருளின் சர்வர் போட்டிருக்கிறார்கள். வீட்டு லேப்டாப்பில் இருந்து இணைத்தால் ஐகான் பச்சையாகிறது, ‘கனெக்டட்’ என்று வருகிறது. ஆனால் ரிமோட் டெஸ்க்டாப்பில் (தூரத்துக் கம்ப்யூட்டரின் திரையை இங்கே காட்டும் விண்டோஸ் வசதி) எந்தக் கம்ப்யூட்டரும் கிடைப்பதில்லை. பிங் செய்தால் (எதிரில் உள்ள கம்ப்யூட்டர் பதில் தருகிறதா என்று கேட்டுப் பார்க்கும் கட்டளை) ‘டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்’ என்கிறது. அதே லேப்டாப்பை போன் ஹாட்ஸ்பாட்டில் போட்டால் அக்கவுன்ட்ஸ் கம்ப்யூட்டர் வருகிறது. அதுவும் ஐ.பி. எண் கொடுத்தால்தான், பெயர் கொடுத்தால் வராது. கணக்கு மென்பொருளான டேலி இருக்கும் கம்ப்யூட்டர் எந்த இணையத்தில் இருந்தும் வரவில்லை. சில சமயம் உள்ளே நுழைந்ததும் திரை கறுப்பாக நின்றுவிடுகிறது. லேப்டாப்பை ஃபார்மட் செய்யச் சொல்லியிருக்கிறார்கள், செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஃபார்மட் செய்ய வேண்டாம். லேப்டாப் நன்றாகத்தான் இருக்கிறது. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இது ஒரே கோளாறு இல்லை. நான்கு தனித்தனிக் கோளாறுகள் ஒன்றாகச் சேர்ந்து ஒன்று போலத் தெரிகின்றன. ஒன்றைச் சரிசெய்தாலும் அடுத்தது வழியை மறிப்பதால் ‘எது செய்தாலும் வரவில்லை’ என்று தோன்றும். பிரித்துப் பார்த்தால் எல்லாமே அரை நாள் வேலை.

பச்சை விளக்கு எதைச் சொல்கிறது என்பதில் தெளிவாக இருந்துகொள்வோம். உங்கள் லேப்டாப்பும் ஆபீஸ் ரவுட்டரும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்டு நடுவில் ஒரு டனல் (பாதுகாப்பான தனிப் பாதை) போட்டுவிட்டன, அவ்வளவுதான். நீங்கள் அனுப்பும் பாக்கெட் (தரவின் சிறு பொட்டலம்) அந்த டனலுக்குள் போகிறதா, அந்தப் பக்கம் இறங்கியதும் சரியான கம்ப்யூட்டரைச் சேர்கிறதா, அந்தக் கம்ப்யூட்டர் வாங்கிக்கொள்கிறதா, பதில் அதே வழியில் திரும்புகிறதா, இந்த நான்கையும் அது சொல்லாது. நான்காவதைத்தான் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். போகிற வழியை மணிக்கணக்கில் பார்ப்பார்கள், வருகிற வழியைப் பார்க்க மாட்டார்கள். (ஒயர்கார்டு என்ற வேறொரு வி.பி.என் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு வார்த்தை: அதில் ‘ஆக்டிவ்’ என்பதற்கு இந்த அளவு அர்த்தம்கூடக் கிடையாது. எதிர்முனை உயிரோடு இல்லாவிட்டாலும் அது ஆக்டிவ் என்றுதான் இருக்கும். எதிர்முனையோடு கடைசியாகக் கைகுலுக்கிய நேரத்தைச் சொல்லும் ‘லேட்டஸ்ட் ஹேண்ட்ஷேக்’ என்ற வரியைப் பாருங்கள்.)

சரி, முதல் கோளாறு. வீட்டு இணையத்தில் எதுவுமே வரவில்லை, ஹாட்ஸ்பாட்டில் வருகிறது. இந்த ஒரு தகவல் போதும், பாதி நோய் தெரிந்துவிட்டது. உங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் 192.168.1.20, 192.168.1.30 என்று இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வி.பி.என்னைத் துண்டித்துவிட்டு, வீட்டு வைஃபையில் இருந்தபடி கமாண்ட் பிராம்ப்டில் ‘ஐபிகான்ஃபிக்’ அடித்துப் பாருங்கள். உங்கள் லேப்டாப்பின் எண்ணும் 192.168.1 என்றுதான் தொடங்கும். வீட்டுக்கும் ஆபீஸுக்கும் ஒரே எண் வரிசை.

உங்கள் ஊரில் ஒரு காந்தி தெரு, அடுத்த ஊரில் ஒரு காந்தி தெரு. ஊர்ப் பெயர் எழுதாமல் ‘20, காந்தி தெரு’ என்று மட்டும் எழுதிப் போட்டால் தபால்காரர் உள்ளூர்த் தெருவில்தான் தேடுவார். லேப்டாப்பும் அதைத்தான் செய்கிறது. 192.168.1.20 என்றதும் ‘இது நம் வீட்டு எண்தானே’ என்று வீட்டு வைஃபையிலேயே யார் அந்த இருபது என்று கேட்கிறது. பதில் சொல்ல ஆளில்லை. பாக்கெட் டனல் பக்கமே போகவில்லை. நீங்கள் பார்த்த பிழைச் செய்தியில் இதற்குச் சாட்சியே இருக்கிறது. ‘டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்’ என்பதற்கு முன்னால் ‘ரிப்ளை ஃப்ரம்’ என்று ஒரு எண் வருமே, அதைப் படியுங்கள். அது உங்கள் லேப்டாப்பின் சொந்த எண்ணாக இருக்கும். ‘என் தெருவில் அப்படி ஒருவர் இல்லை’ என்று லேப்டாப் தானே சொல்லிக்கொள்கிறது என்று பொருள்.

இது ஏன் இவ்வளவு அடிக்கடி நடக்கிறது என்றால், தனியார் பயன்பாட்டுக்கென்று ஒதுக்கப்பட்ட முகவரித் தொகுதிகள் மூன்று: 10-இல் தொடங்குவது, 172.16 முதல் 172.31 வரை, 192.168-இல் தொடங்குவது. பத்தில் தொடங்கும் தொகுதியில் மட்டும் 1,67,77,216 முகவரிகள் இருக்கின்றன. இவ்வளவு இடம் இருந்தும் ரவுட்டர் தயாரிப்பாளர்கள் பலரும் 192.168.0 அல்லது 192.168.1 என்றே வைத்து அனுப்புகிறார்கள், நாமும் அப்படியே விட்டுவிடுகிறோம். ஜியோ ஃபைபர் பெட்டிகள் 192.168.29 என்று வரும். அதனால்தான் ஒரே ஆபீஸில் ஒருவருக்கு வீட்டில் இருந்து அருமையாக வருகிறது, பக்கத்து மேசைக்காரருக்கு வரவே மாட்டேன் என்கிறது. இதில் அவரவர் லேப்டாப்பைக் குறை சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை.

நிரந்தரத் தீர்வு ஆபீஸ் எண் வரிசையை மாற்றுவதுதான். 10.47.83 மாதிரி யாரும் தற்செயலாக வைத்திருக்க வாய்ப்பில்லாத ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். 10.0.0, 10.1.1 இரண்டும் வேண்டாம், அவையும் பலர் வீட்டில் இருக்கின்றன. நீங்கள் ஒருவர் மட்டும்தான் வெளியில் இருந்து வருகிறீர்கள் என்றால் வீட்டு ரவுட்டரின் எண்ணை மாற்றுவது எளிது, ஐந்து நிமிடம். ஆனால் நாளைக்கு நாலு பேர் வீட்டில் இருந்து வேலை செய்தால் நாலு வீட்டுக்கும் போய் மாற்ற முடியாது.

ஆபீஸில் மாற்றுவதாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை செய்யுங்கள், அவசரப்படாதீர்கள். தானாக எண் வாங்கும் கம்ப்யூட்டர்கள் தானாக மாறிக்கொள்ளும். தகராறு செய்வது கையால் எண் கொடுத்து வைத்தவைதான்: பிரிண்டர், சி.சி.டி.வி. ரெக்கார்டர், கைரேகை வருகைப் பதிவு மெஷின், டேலி கம்ப்யூட்டர். எண்ணை வைத்துச் செய்த ஷேர்டு ஃபோல்டர் ஷார்ட்கட்டுகள் ஒன்றுகூட வேலை செய்யாது. டேலி லைசென்ஸ் சர்வரை எண்ணால் குறித்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும். முன்னதாகவே ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு தொடங்கினால் திங்கட்கிழமை காலை யாரும் உங்களைத் தேட மாட்டார்கள்.

அதுவரை சமாளிக்க ஒரு வழி உண்டு. எந்த எண்ணை எந்தப் பக்கம் அனுப்புவது என்று லேப்டாப் பார்க்கும் வழித்தட அட்டவணையில் எந்த வரி மிகக் குறுகிய முகவரித் தொகுப்பைக் குறிக்கிறதோ அதற்குத்தான் முதல் மரியாதை. ‘192.168.1 முழுவதும் வீட்டில்’ என்ற வரியை ‘192.168.1.20 மட்டும் டனலில்’ என்ற வரி வென்றுவிடும். உங்கள் ஓப்பன் வி.பி.என் கிளையன்ட் கோப்பை (லேப்டாப்பில் உள்ள இணைப்பு அமைப்புக் கோப்பு) நோட்பேடில் திறந்து ‘ரூட் 192.168.1.20 255.255.255.255’ என்று ஒரு வரி சேருங்கள், ‘ரூட்’ என்பதை ஆங்கிலச் சிறிய எழுத்தில். வீட்டில் அதே எண்ணில் டிவியோ போனோ இருந்தால் அதோடு பேச முடியாது, அது ஒன்றுதான் இழப்பு. ஆனால் 192.168.1.1-க்கு மட்டும் இப்படிச் செய்துவிடாதீர்கள். அது உங்கள் வீட்டு ரவுட்டரின் எண்ணாகவும் இருக்கும், டனலைத் தாங்கி நிற்கும் இணைப்பே அறுந்துவிடும்.

அடுத்தது பெயர். ஆபீஸுக்குள் ‘அக்கவுன்ட்ஸ்-பிசி’ என்று அடித்தால் வருகிறது, வி.பி.என்னில் வரவில்லை. டொமைன் சர்வர் (எல்லாக் கம்ப்யூட்டரையும் ஓரிடத்தில் இருந்து நிர்வகிப்பது) இல்லாத சிறிய ஆபீஸ்களில் பெயர் எப்படிக் கண்டுபிடிக்கப்படுகிறது என்றால், ஒரு கம்ப்யூட்டர் ‘அக்கவுன்ட்ஸ்-பிசி யாரப்பா?’ என்று அறை முழுக்கக் கேட்கும்படி சத்தம் போடும், உரியது பதில் சொல்லும். அந்தச் சத்தம் ஒரே நெட்வொர்க்குக்குள் மட்டும்தான் கேட்கும். உங்கள் வி.பி.என் கிளையன்ட் 10.8.0 என்ற வேறொரு நெட்வொர்க்கில் உட்கார்ந்திருக்கிறது, அங்கே கேட்காது. இது கோளாறே இல்லை, அதன் இயல்பு. ரவுட்டரில் அந்தக் கம்ப்யூட்டருக்கு எப்போதும் அதே எண் கிடைக்கும்படி டி.எச்.சி.பி. ரிசர்வேஷன் போட்டுவிட்டு, எண்ணையே பயன்படுத்துங்கள். பெயர்தான் வேண்டும் என்றால் லேப்டாப்பின் பெயர்ப் பட்டியலான ஹோஸ்ட்ஸ் கோப்பில் எண்ணையும் பெயரையும் ஒரு வரியாக எழுதிவிடலாம். டொமைன் உள்ள பெரிய ஆபீஸ் என்றால் விஷயம் வேறு. அங்கே வி.பி.என் இணையும்போதே பெயருக்கு எண் சொல்லும் ஆபீஸின் டி.என்.எஸ். சர்வரின் எண்ணை அனுப்பச் சொல்ல வேண்டும், முழுப் பெயரைக் கொடுத்துச் சோதிக்க வேண்டும்.

இப்போது டேலி கம்ப்யூட்டர். பக்கத்து மேசையில் இருந்து பார்த்தால் வருகிறது, வி.பி.என் வழியாக எந்த இணையத்தில் இருந்தும் வரவில்லை. இந்த அறிகுறியைப் பார்த்தால் நான் முதலில் அந்தக் கம்ப்யூட்டரின் கேட்வேயைத்தான் (வெளி நெட்வொர்க்குக்குப் போகும் வாசல், பொதுவாக ரவுட்டரின் எண்) பார்ப்பேன், காரணம் ஒரு பழைய அனுபவம். ஒரு ஆபீஸில் ஜி.எஸ்.டி. தாக்கல் செய்ய வேண்டிய 20-ஆம் தேதிக்கு முந்தின இரவு. அக்கவுன்டன்ட் வீட்டில் இருந்து இணைகிறார், எல்லாம் வருகிறது, டேலி கம்ப்யூட்டர் மட்டும் இல்லை. நான் ரவுட்டர், சான்றிதழ், ஃபயர்வால் என்று மூன்று மணி நேரம் தேடினேன். கடைசியில் காலையில் நேரில் போய்ப் பார்த்தால் டேலி கம்ப்யூட்டரில் டீஃபால்ட் கேட்வே என்ற கட்டமே காலியாக இருந்தது. வைரஸ் வரக்கூடாது, யாரும் அதில் இணையம் பார்க்கக்கூடாது என்று யாரோ நல்ல எண்ணத்தில் அழித்துவிட்டிருக்கிறார்கள். அது தெரியாமல் அந்த அக்கவுன்டன்ட் அதிகாலையில் ஆபீஸுக்கு ஓடி வர வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து திரும்பும் வழியை முதலில் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

கேட்வே இல்லாத கம்ப்யூட்டர் தன் நெட்வொர்க்கில் உள்ளவர்களோடு பேசும். வெளி எண் ஒன்றில் இருந்து கேள்வி வந்தால் வாங்கிக்கொள்ளும், பதிலை எங்கே கொடுத்தனுப்புவது என்று அதற்குத் தெரியாது. நீங்கள் வருவது 10.8.0.6 போன்ற வெளி எண்ணில் இருந்து. ரவுட்டரை மாற்றிய ஆபீஸில் கேட்வே பழைய ரவுட்டரின் எண்ணிலேயே நின்றிருந்தாலும் இதே கதைதான். வி.பி.என் சர்வர் ரவுட்டரில் இல்லாமல் தனிப் பெட்டியில் இருந்தால் இன்னும் மோசம்: எல்லாக் கம்ப்யூட்டரும் பதிலை ரவுட்டரிடம் கொடுக்கும், ரவுட்டருக்கு 10.8.0 எங்கே இருக்கிறது என்று தெரியாது. அங்கே ரவுட்டரில் ஒரு ஸ்டேட்டிக் ரூட் (‘10.8.0-க்கு அந்தப் பெட்டி வழியாகப் போ’ என்ற நிலையான வரி) போட வேண்டும்.

உங்கள் டேலி கம்ப்யூட்டரில் ‘ஐபிகான்ஃபிக்’ அடித்து டீஃபால்ட் கேட்வே வரியைப் பாருங்கள். காலியாக இருந்தால், இணையம் கொடுக்காமலேயே சரிசெய்யவும் முடியும். நிர்வாகி உரிமையோடு கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, ‘ரூட் -பி ஆட் 10.8.0.0 மாஸ்க் 255.255.255.0 192.168.1.1’ என்பதை ஆங்கில எழுத்தில் அடியுங்கள். ‘10.8.0-க்குப் போக வேண்டிய பதிலை ரவுட்டரிடம் கொடு’ என்று மட்டும் அது கற்றுக்கொள்ளும். இணையம் முன்போலவே மூடியிருக்கும். உங்கள் வி.பி.என் எண் வரிசையும் ரவுட்டர் எண்ணும் வேறாக இருந்தால் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். பின்னால் ஆபீஸ் எண் வரிசையை மாற்றும்போது இந்த வரியையும் மாற்ற மறக்காதீர்கள்.

கேட்வே சரியாக இருக்கிறது என்றால் அடுத்த சந்தேகம் விண்டோஸ் ஃபயர்வால். டொமைனில் சேராத கம்ப்யூட்டரில், ஃபைல் பகிர்வுக்கும் பிங்குக்கும் உரிய விதிகள் இயல்பாகவே ‘லோக்கல் சப்நெட்’ என்று கட்டுப்படுத்தப்பட்டிருக்கும். அதே நெட்வொர்க்கில் உள்ளவர்களுக்கு மட்டும் அனுமதி. வி.பி.என்னில் வருபவர் அதற்கு வெளியாள். ரிமோட் டெஸ்க்டாப் விதிக்கு இந்தக் கட்டுப்பாடு இயல்பாகக் கிடையாது. ஆகவே பிங் பதில் சொல்லாத கம்ப்யூட்டரில் ரிமோட் டெஸ்க்டாப் வேலை செய்யலாம். பிங்கை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். பவர்ஷெல்லில் ‘டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் 192.168.1.30 -போர்ட் 3389’ என்பதை ஆங்கிலத்தில் அடித்துப் பாருங்கள் (3389 என்பது ரிமோட் டெஸ்க்டாப்பின் வாசல் எண்). கடைசி வரியில் ‘ட்ரூ’ என்று வந்தால் நெட்வொர்க் வேலை முடிந்தது, இனி பிரச்சினை உள்நுழைவில்தான். ஃபைல் பகிர்வும் வேண்டும் என்றால் ஃபயர்வாலின் மேம்பட்ட அமைப்பில் அந்த விதியைத் திறந்து, ஸ்கோப் பகுதியில் 10.8.0.0/24 என்பதைச் சேருங்கள். ஃபயர்வாலை மொத்தமாக அணைப்பது வேண்டாம். தனி ஆன்டிவைரஸ் போட்டிருந்தால் அதற்குள்ளும் ஒரு ஃபயர்வால் இருக்கும், அதையும் பாருங்கள்.

கறுப்புத் திரை வேறு வகை. சின்னச் சின்னப் பாக்கெட் போகிறது, பெரியது வழியில் தொலைகிறது. கடவுச்சொல் கேட்பது வரை சின்ன வேலை, டெஸ்க்டாப் படம் வரத் தொடங்கும்போது பெரிய பாக்கெட்டுகள் கிளம்பும், அங்கே நின்றுவிடும். சாதாரண இணைப்பில் ஒரு பாக்கெட் 1500 பைட் வரை போகலாம். பயனர் பெயர், கடவுச்சொல் கொடுத்து இணையும் பி.பி.பி.ஓ.இ. முறையில் வரும் பிராட்பேண்டில் அது 1492. அதற்குள் வி.பி.என் தன் உறையையும் சுற்றுகிறது. இணைந்த நிலையில் ‘பிங் -எஃப் -எல் 1200’ என்று ஆபீஸ் கம்ப்யூட்டரின் எண்ணோடு சேர்த்து அடித்துப் பாருங்கள், பிறகு 1300, 1400. 1200-க்குப் பதில் வந்து 1400-க்கு வரவில்லை என்றால் இதுதான். பாக்கெட்டைச் சின்னதாக்க கிளையன்ட் கோப்பில் ‘எம்எஸ்எஸ்ஃபிக்ஸ் 1300’ என்று ஒரு வரி சேருங்கள், அதையும் ஆங்கிலச் சிறிய எழுத்தில். பெரும்பாலும் இதிலேயே தீர்ந்துவிடும்.

நெட்வொர்க் சரியான பிறகும் ரிமோட் டெஸ்க்டாப் தன் பங்குக்குச் சில தடைகள் வைத்திருக்கிறது. விண்டோஸ் ஹோம் பதிப்பு உள்ள கம்ப்யூட்டருக்குள் அதனால் நுழைய முடியாது, புரோ வேண்டும். பின் எண் போட்டுத் திறக்கும் பழக்கம் உள்ளவர்கள் அசல் கடவுச்சொல்லை மறந்திருப்பார்கள், இங்கே அதுதான் கேட்கும். நிர்வாகி இல்லாத பயனரை ‘ரிமோட் டெஸ்க்டாப் யூசர்ஸ்’ குழுவில் சேர்க்க வேண்டும். ஆபீஸ் கம்ப்யூட்டர் ஸ்லீப்புக்குப் போய்விட்டால் எந்த வித்தையும் பலிக்காது. பவர் அமைப்பில் ஸ்லீப்பை ‘நெவர்’ என்று வையுங்கள். மின்வெட்டு வரும் ஊர் என்றால், மின்சாரம் திரும்பியதும் தானாக எழுந்துகொள்ளும்படி பயாஸில் (கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புத் திரை) ஒரு அமைப்பு இருக்கும், அதையும் போட்டுவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். டேலி டேட்டா இருக்கும் ஃபோல்டரை வி.பி.என் வழியாக மேப் செய்து, வீட்டு லேப்டாப்பில் உள்ள டேலியால் திறக்கலாமா என்று பலர் முயற்சி செய்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். ஆபீஸுக்குள் ஒரு கேள்வி போய் பதில் வர ஒரு மில்லி செகண்டுகூட ஆகாது. வீட்டில் இருந்து 40 ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ரிப்போர்ட்டுக்கு ஆயிரம் முறை போய்வர வேண்டியிருந்தால் ஒரு செகண்டுக்குள் முடியும் வேலை 40 செகண்ட் இழுக்கும். நடுவில் இணைப்பு அறுந்தால் டேட்டா கெட்டுப்போகும் ஆபத்தும் உண்டு. ரிமோட் டெஸ்க்டாப்பில் உள்ளே போய் அங்கேயே வேலை செய்யுங்கள். படம் மட்டும்தான் உங்களிடம் வருகிறது. இணைப்பு அறுந்தாலும் கம்ப்யூட்டர் அங்கே விட்ட இடத்தில் நிற்கும்.

இன்னொன்று. இத்தனை தொல்லைக்குப் பதிலாக ரவுட்டரில் 3389 போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவிடு, நேராக வந்துவிடும் என்று யாராவது யோசனை சொல்வார்கள். வரும், உண்மைதான். உங்களோடு உலகமே வரும். 2019 மே மாதம் வெளிவந்த புளூகீப் என்ற ஓட்டை, கடவுச்சொல்லே இல்லாமல் பழைய விண்டோஸ் கம்ப்யூட்டர்களின் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக உள்ளே நுழைய விடக்கூடியதாக இருந்தது. ஆதரவு எப்போதோ நின்றுபோன விண்டோஸ் எக்ஸ்.பி.க்குக்கூட மைக்ரோசாஃப்ட் அப்போது திருத்தம் வெளியிட்டது என்றால் அதன் தீவிரத்தை நீங்களே ஊகிக்கலாம். போர்ட் எண்ணை மாற்றி வைத்தாலும் பயனில்லை, தேடும் கருவிகள் எல்லா எண்ணையும் தட்டிப் பார்க்கின்றன. ஏற்கெனவே யாராவது திறந்து வைத்திருக்கிறார்களா என்று ரவுட்டரின் போர்ட் ஃபார்வர்டிங் பக்கத்தை இன்றைக்கே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வேலையை எந்த வரிசையில் செய்வது என்றால், முதலில் ஹாட்ஸ்பாட்டில் இருந்தபடி டேலி கம்ப்யூட்டரின் கேட்வேயைச் சரிபார்த்து முடியுங்கள். அக்கவுன்ட்ஸ் கம்ப்யூட்டருக்குள் ரிமோட்டில் போய், அங்கிருந்து டேலி கம்ப்யூட்டருக்கு இன்னொரு ரிமோட் டெஸ்க்டாப் திறந்தால் ஆபீஸுக்குப் போகாமலேயே பார்த்துவிடலாம். அதன் பிறகு வீட்டு இணையத்துக்கு அந்த ‘ரூட்’ வரிகள், ஞாயிற்றுக்கிழமை எண் வரிசை மாற்றம். இடையில் எங்காவது நின்றால், வி.பி.என் இணைந்த நிலையில் ‘ரூட் பிரிண்ட்’ காட்டும் அட்டவணையையும், பிங் பதிலில் ‘ரிப்ளை ஃப்ரம்’ என்பதற்குப் பின்னால் வரும் எண்ணையும், எந்த இணையத்தில் இருந்து சோதித்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இந்த மூன்றும் இருந்தால் எந்த இடத்தில் அடைத்திருக்கிறது என்று பார்த்துச் சொல்லிவிடுகிறேன்.